ஆறாவது கிண்ணம்

ஆம்பூரில் ஆட்டுத்தோல் பதனிடும் தோல்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தனகோடி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாவிகள்தான். நிலைக்கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் பதினோரு ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. ஒன்றுகூட அவளுடையது இல்லை. கல்யாணத்துக்குக் குடியாத்தம் போகிறவர்கள், பிரசவத்துக்கு வேலூர் போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமிர்திக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டின கையோடு இவளிடம் வந்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். சந்தில் பாதி இந்து வீடு, பாதி முஸ்லிம் வீடு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பாதியும் ஒரே பேச்சு: தனகோடி கை சுத்தம்.

பலகைக்கு நேர் கீழே ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் பழைய புடவைகள். புடவைகளுக்கு அடியில் ஒரு பீங்கான் கிண்ணம். அதுவும் அவளுடையது இல்லை. யாராவது சாவி கொடுத்து அவள் அதை மாட்டப் போகும்போதெல்லாம் கால் கட்டைவிரல் பெட்டியில் போய் இடிக்கும். வருஷக்கணக்காக இடித்துக்கொண்டிருந்தது. பெட்டியை நகர்த்தி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கிண்ணம் பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவுடையது. சந்தில் எல்லாருக்கும் அவள் பாயம்மா. அவளுடைய புருஷன் அஹமது பாஷா தோல்ஷாப்பில் செலக்‌ஷன் மேஸ்திரி. ஆட்டுத்தோலை விரலால் ஒரு தடவு தடவி, முதல் தரமா மூன்றாம் தரமா என்று பிரித்துப் போடுவது அவர் வேலை. அறுபத்தொன்றிலோ இரண்டிலோ தோல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர், மேஸ்திரி பிரித்துக் கட்டிய சரக்கில் ஒரு தோல்கூடத் தப்பாக இல்லை என்று சந்தோஷப்பட்டு, மறுமுறை வரும்போது வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஆறு கிண்ணங்கள்.

வெளிப்பக்கம் கரிச்சட்டி மாதிரி மங்கின கறுப்பு. உள்பக்கம் முட்டைக் கருவின் மஞ்சள், பளபளவென்று. வட்டம் என்றும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் விளிம்பு தூக்கிக்கொண்டு, வாழையிலைத் துண்டைக் கையில் மடக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். பூ இல்லை, கோடு இல்லை. சூளையில் கோணிப் போனதை வெள்ளைக்காரன் மேஸ்திரி தலையில் கட்டிவிட்டான் என்று சந்து சிரித்தது. "உங்களுக்கு இன்னா தெரியும்? ஃபாரின்ல இப்போ இதான் மாடல்" என்று பாயம்மா ஒரே போடாகப் போட்டுவிடுவாள். எழுபதில் மேஸ்திரி மவுத்தான பிறகு அந்த ஆறும் கண்ணாடி ஷோகேஸுக்குள் போயின. வெள்ளிக்கிழமைதோறும் பாயம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எண்ணி, திரும்ப வைப்பாள். ரம்ஜான் பண்டிகை ஒரு நாள் மட்டும் விருந்தாளிகளுக்காக அவை வெளியே வரும்.

ஷஹீன் பானு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது எழுபத்து நாலு தொடக்கத்தில். பாயம்மாவின் மகன் வாஹித் பாஷாவுக்குப் பேரணாம்பட்டில் எடுத்த பெண். பத்தொன்பது வயசு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பின்பக்கம் மார்பளவு சுவர். அதன் மேல் வரிசை இடிந்து ஓர் இடைவெளி இருந்தது. துணி துவைக்கிற நேரத்தில் அந்த இடைவெளி வழியாகத்தான் இருவரும் பழகினார்கள். தனகோடிக்கு அப்போது இருபத்தெட்டு. ஷஹீனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு எதைப் பரிமாறினாலும் கடைசியில் கரண்டியைப் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவாள். அவசரமில்லாமல், ஒன்று, இரண்டு. பேரணாம்பட்டிலிருந்து கொண்டுவந்த சீர் இதுதானா என்று தனகோடி கிண்டல் செய்வாள்.

அந்த வருஷம் ரம்ஜான் வந்தபோது தனகோடி வீட்டு அடுப்பு பாதி நாள்தான் எரிந்தது. சரக்கு கப்பல் ஏறாமல் கிடங்கில் தேங்கியதால் தோல்ஷாப்பை மூடி, அவள் புருஷன் சம்பத்தை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. மகளுக்கு வேறு மூன்று நாளாகக் காய்ச்சல். பண்டிகையன்று மத்தியானம், விருந்தாளிகள் சாப்பிட்டுப் போன கிண்ணங்களை ஷஹீன் பின்பக்கம் கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை இல்லை என்பதைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சேமியாப் பாயசத்தைக் கொண்டுவந்து, கையில் இருந்த கிண்ணத்திலேயே ஊற்றி, இரண்டு தட்டு தட்டி, சுவர்மேல் வைத்தாள்.

"பாப்பாவுக்குக் குடுங்க அக்கா. கிண்ணத்த நாளைக்குக் குடுத்துடுங்க. மாமிக்குத் தெரிய வேணாம், வெள்ளிக்கிழமை எண்ணுவாங்க."

குழந்தை மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் வாய் திறந்து சாப்பிட்டது. தனகோடி கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்கக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒரு பிடி அரிசியோ, ஒரு கட்டி வெல்லமோ, நாலு மிளகாயோ போட்டுத்தான் தர வேண்டும். அதுவும் ஷஹீன் அப்போது ஐந்து மாதம். பிள்ளையைச் சுமக்கிறவள் கையில் காலிப் பாத்திரத்தை வைப்பாளா ஒருத்தி? வீட்டில் அன்றைக்கு இருந்தது அரைப்படி கேழ்வரகு மாவும் மூன்று வெங்காயமும். மாவு ராத்திரிக்கு வேண்டும். வெங்காயத்தைப் போட்டுத் தரலாம்தான். அந்த மஞ்சளுக்குள் மூன்று வாடின வெங்காயத்தைப் போட்டுப் பார்த்தாள், வெட்கமாக இருந்தது. நாளைக்கு ஏதாவது கிடைக்கும் என்று மாடத்தில் வைத்தாள்.

இதுவரைக்கும் நியாயம். இதுவரைக்கும் யார் கேட்டாலும் பாவம் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் நாள் ரேஷனில் சர்க்கரை போட்டார்கள். சம்பத் வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கிவந்தான். தனகோடி ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். சாயங்கால வெயில் மாடத்தில் விழுந்து, மஞ்சளும் வெள்ளையுமாக அது ஜொலித்தது. அவள் வீட்டில் அலுமினியத்தையும் மண்ணையும் தவிர வேறு பாத்திரம் இருந்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சர்க்கரையை டப்பாவிலேயே திரும்பக் கொட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்குக் கொடுத்தால் போகிறது என்று நினைத்தாள். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷஹீன் மெல்லக் கேட்டாள். "இதோ தர்றேன், இரு" என்றாள் தனகோடி. அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். ஆசைதான், வேறென்ன?

வெள்ளிக்கிழமை பாயம்மா எண்ணினாள். ஐந்து.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தனகோடி எல்லாவற்றையும் கேட்டாள். "உடைஞ்சுபோச்சு மாமி" என்றாள் ஷஹீன். "உடைஞ்ச ஓடு எங்க? காட்டு" என்றாள் பாயம்மா. காட்ட ஓடு எங்கே இருக்கும்? பண்டிகைக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஷஹீனின் அண்ணன் ஷபீ அஹமது வந்து போயிருந்தான்; அவன் பையில் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று பாயம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள். மகன் வாஹித் பாஷா வாயைத் திறக்கவில்லை. ஷஹீன் ஒரு தடவைகூடப் பக்கத்து வீட்டுப் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். பசித்த வீட்டைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த நேரத்தில் தனகோடி போயிருக்கலாம். போகவில்லை. இப்போது போய் நீட்டினால், திருடி வைத்திருந்து பயந்து கொடுக்கிறாள் என்பார்களே என்ற ஒரே நினைப்பு. கிண்ணத்தை எடுத்துப் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்தாள். சம்பத் கேட்டதற்கு, "அப்பவே குடுத்துட்டேனே" என்றாள்.

ஏழாம் மாதம் ஷஹீனைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். முறைப்படி அனுப்புவதுதான். ஆனால் வாசலில் வைத்துப் பாயம்மா, "பிள்ளையோட வர்றப்ப கிண்ணத்தோட வா" என்று சொல்லி அனுப்பினாள். தை முடிந்து மாசியில் பேரணாம்பட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஷஹீன் பிழைக்கவில்லை.

நாற்பதாம் நாள் தனகோடி கிண்ணம் நிறையச் சர்க்கரை போட்டு, துணியில் கட்டி, பையில் வைத்துப் பஸ் ஏறினாள். ஷபீ அஹமது வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். ஆம்பூர்க்காரி என்றதும் அவளைத் தனியாக அழைத்து, "நீங்களாச்சும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா. எங்க வீட்டு தட்டு, சட்டி ஒண்ணு விடாம கவுத்துக் காட்டிட்டேன். அவங்க நம்பல. தங்கச்சி அந்தப் பேஜாரோடவே போய்ட்டா" என்றான். தனகோடி பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "சொல்றேங்க" என்றாள். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். திரும்பும் பஸ்ஸில் சர்க்கரை பைக்குள் சிந்தியது. பிறகு ஒரு வாரம் டிரங்குப் பெட்டியைச் சுற்றி எறும்பு.

அந்த வாரத்தில்தான் முதலில் கேட்டது. பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம், பெட்டிக்குள்ளிருந்து பீங்கானில் கரண்டி படும் சத்தம். அவசரமில்லாமல், ஒன்று, இரண்டு. எலியாக இருக்கும் என்று பெட்டியைத் திறந்தாள். புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த சம்பத்திடம், "கேட்டுச்சா?" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. மகளுக்கும் கேட்கவில்லை. தினமும் வருவதும் இல்லை. வராத நாளில்தான் தனகோடிக்குப் பயம் ஜாஸ்தி. வேலையை விட்டுவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருப்பாள். வந்துவிட்டால் எழுந்து விளக்கு ஏற்றுவாள்.

தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருமுறை பாலாற்றுக்குக் கொண்டுபோனாள். மணலில் குழி தோண்டி வைத்தாள். கறுப்பு மணலுக்குள் இறங்கிவிட்டது. மஞ்சள் மட்டும் ஒரு கண் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மண் தள்ளக் கை வரவில்லை. துடைத்து வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

காலம் போயிற்று. எண்பதில் தனகோடி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷின் ஊசிகளைக் கணக்காகத் திருப்பிக் கொடுக்கிறவள் என்று அங்கேயும் பேர். மகளைக் குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் வீட்டில் கொடுத்தாள். சந்தில் யாரோ ஒருத்தி முதல் சாவியைக் கொடுத்தபோது, கொடுத்தவள் கண்ணைப் பார்க்க முடியாமல் வாங்கிக்கொண்டாள். ஒன்று இரண்டாகி, பதினொன்றாயிற்று. அடுத்தவர் வீட்டுத் துரும்பைத் தொடாமல் இருப்பதில் அவள் காட்டிய அக்கறையைப் பார்த்தால் சிரிப்புக்கூட வரும். ஒரு கிண்ணத்தை மறைக்க ஊர்ச் சாவியெல்லாம் சுமந்தாள்.

எண்பத்தேழு மார்ச்சில் அந்தப் பெண் வந்தாள். வாஹித் பாஷா மறுகல்யாணம் செய்துகொண்டு வாணியம்பாடியோடு போய்விட்டான். பாயம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பேரணாம்பட்டில் மாமன் ஷபீ அஹமது வீட்டில் வளர்ந்த பேத்தி தில்ஷாத்தைத் துணைக்கு வரவழைத்தார்கள். தனகோடி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடிந்த சுவரின் இடைவெளியில் ஷஹீன் வந்து நின்றாள். அதே நெற்றி, அதே தூக்கின மோவாய். தனகோடியின் கையிலிருந்து ஈரப் புடவை மண்ணில் விழுந்தது.

"ஏங்க, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமா?" என்றது பெண். பன்னிரண்டு வயசு.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பேச்சு தனகோடிக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு ஸ்பூன் இடம் மாறினால் போதும், "அவங்கம்மா கை, வேற எப்பிடி இருக்கும்" என்பாள் பாயம்மா. பாட்டியைத் தாதி என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு ஷோகேஸ் பக்கம் போக அனுமதி இல்லை. ஒரு சனிக்கிழமை யாரோ சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கிண்ணங்களைக் காட்டிப் பாயம்மா கதையை முதலிலிருந்து சொன்னாள். ஜெர்மன்காரர், மரப்பெட்டி, ஆறு, ஐந்து, மருமகள். தில்ஷாத் பின்பக்கம் வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. அழவில்லை. செங்கல்லை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. இந்தக் கதை இந்தப் பிள்ளையோடு கல்யாண வீட்டுக்கும் போகும், மாமியார் வீட்டுக்கும் போகும் என்று தனகோடிக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. அன்று சாயங்காலம் பாங்கு முடிந்து சத்தம் வந்தபோது அவள் விளக்கு ஏற்றவில்லை. பெட்டியைத் திறந்து கிண்ணத்தை வெளியே எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேமியா காய்ச்சினாள். சம்பத்திடம் எல்லாம் சொன்னாள். "பின்பக்கமா குடுத்துட்டு வந்துடேன், சாவி குடுத்தவங்கள்லாம் இன்னா நெனப்பாங்க" என்றான் அவன். அவள் முன்வாசல் வழியாகவே போனாள். கிண்ணத்தை மூடாமல் கையில் ஏந்திக்கொண்டு போனாள். சந்து முழுக்கப் பார்த்தது.

பாயம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ஷோகேஸைப் பார்த்தாள். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து தனகோடி சொல்ல ஆரம்பித்தாள்: மூடின தோல்ஷாப், காய்ச்சல், கேழ்வரகு மாவு, ஐந்து மாதக்காரி, காலிப் பாத்திரம். பாயம்மாவின் முகம் இளகியது. அவளும் அந்தச் சந்தில் வாழ்ந்தவள்தானே, அந்த முறை தெரியாதவளா?

"மாசமா இருக்கறவ கையில காலிக் கிண்ணம் குடுக்கக் கூடாதுன்னுதானே இருந்துட்ட" என்றாள் பாயம்மா. "அல்லாவுக்குத் தெரியும். நீ இன்னா பண்ணுவ."

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். சாவிகள் பலகையிலேயே தொங்கியிருக்கும். பாயம்மாவே தெருவுக்குச் சொல்லியிருப்பாள், பாவம், எவ்வளவு நல்ல மனசு என்று. தனகோடி கதவோரம் நின்ற தில்ஷாத்தைப் பார்த்தாள்.

"இல்ல பாயம்மா. அஞ்சாம் நாளே சர்க்கரை வந்துடுச்சு. போட்டும் பாத்தேன். திரும்ப டப்பாவுல கொட்டிட்டேன். குடுக்க மனசு வரல. அழகா இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவ கேட்டா. நீங்க திட்டினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. அப்பவும் வரல. அவ திருடல. நான்தான்."

பாயம்மா உருதுவில் ஏதோ முணுமுணுத்தாள். அது தனகோடிக்குச் சொன்னது இல்லை. "வாசல்ல வெச்சு சொன்னேனே. கிண்ணத்தோட வான்னு சொன்னேனே" என்று தமிழில் இரண்டு தடவை சொன்னாள். தனகோடியைத் திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தில்ஷாத் வந்து கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தது. "எங்கம்மா அன்னிக்கு இதுல இன்னா குடுத்தாங்க?" என்று கேட்டது.

"சேமியாதான்மா."

"எப்பிடி இருந்துச்சு?"

பேரணாம்பட்டில் அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் துப்பட்டா கிடைத்திருக்கும், ஒரு போட்டோ கிடைத்திருக்கும். அம்மா கைச் சமையலின் ருசியை யார் சொல்லியிருப்பார்கள்? அதைத் தன்னிடம் வந்து கேட்கிறதே என்று தனகோடி நினைத்தாள்.

"பாலு கம்மி, சர்க்கரை ஜாஸ்தி. திராட்சைய நெய்யில நல்லா கருக விட்டுடுவா. அது ஒரு மாதிரி நல்லா இருக்கும். ஊத்திட்டு கரண்டிய விளிம்புல ரெண்டு தட்டு தட்டுவா."

பெண் ஸ்பூனை எடுத்து விளிம்பில் தட்டிப் பார்த்தது. அவசரமில்லாமல், ஒன்று, இரண்டு. பட்டப்பகலில், எல்லார் காதிலும் விழும்படி. பெண் சாப்பிட ஆரம்பித்தது.

ஒரு வாரத்துக்குள் சாவிகள் போய்விட்டன. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டில் கொடுத்து வைக்கிறோம், மச்சான் கேட்டான், புதுப் பூட்டு வாங்கிவிட்டோம் என்று ஆளுக்கு ஒரு காரணம். பதினோரு ஆணியும் வெறுமனே நின்றன. சம்பத் பலகையைக் கழற்றப் போனான், இருக்கட்டும் என்றுவிட்டாள். சாயங்காலச் சத்தம் அதற்குப் பிறகும் கேட்டது. அது இப்போது அடுத்த வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் ரம்ஜான் வந்தது. பண்டிகையன்று மத்தியானம் தனகோடி பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுவர்மேல் பீங்கான் வைக்கிற சத்தம். நிமிர்ந்தாள். ஆறாவது கிண்ணம் நிறையச் சேமியா. திராட்சை கருகலாக மிதந்தது. இடைவெளியில் தில்ஷாத்தின் முகம்.

"நானே செஞ்சேன் பெரியம்மா. தாதிக்குத் தெரியும், அவங்கதான் இதுல ஊத்திக் குடுக்கச் சொன்னாங்க. கிண்ணத்த நாளைக்குக் குடுங்க."

பெண் திரும்பப் போனது.

"ஏ பொண்ணு, போவாத. அங்கயே நில்லு" என்றாள் தனகோடி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே ஓடி, சேமியாவை அலுமினியச் சட்டியில் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவினாள், துடைக்க நேரம் இல்லை. டப்பாவைத் திறந்து இரண்டு கையாலும் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து, சுவருக்கு மேலாக, அந்தப் பிள்ளையின் கையிலேயே கிண்ணத்தைக் கொடுத்து, அது உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.